ஊத்தில் நிற்கும் வண்டி

பங்குச் சாமியார் நீட்டிய தாளில்
ஒன்பதாவது பெயர்: சேவுகப்பெருமாள்.
ஊர், சிங்கம்புணரிப் பக்கம்.
இப்போது இருப்பது கடலுக்கு அந்தப்புறம் ஒரு சிறையில்.
பெயருக்கு முன்னால் ஆறு இலக்க எண்.
வழக்கைப் பற்றிக் கேட்காதே,
பணம் அனுப்பாதே,
வாக்குக் கொடுக்காதே என்றார் சாமியார்.
பிறகு என்னத்தை எழுதுவது?

நான் பிலோமி. பூம்பாறையில்
பூண்டு மண்டியில் எடை போடுகிறவள்.
வெளிநாட்டுத் தபாலுக்கு இருபது கிராம் என்றார்கள்.
தராசு வேண்டாம், கையே சொல்லும்:
சுமாரான பூண்டு ஒன்று.
அதற்குள் ஒரு மனுஷனுக்கு என்ன அடங்கும்?
'இங்கே அனைவரும் நலம், அங்கே நலமா?'
ஒட்டிய பிறகுதான் வெட்கமாக இருந்தது.
ஜெயிலில் இருப்பவரிடம் நலமா என்று கேட்டிருக்கிறேன்.
பெட்டிக்குள் போட்டதை எடுக்க முடியாது.

ஏழு வாரம் கழித்துப் பதில்:
'அக்கா, நான் டிரைவர்.
வத்தலக்குண்டிலேர்ந்து கொடைக்கானலுக்கு
நாலு வருஷம் சிமெண்டு ஏத்தியிருக்கேன்.
தூக்கம் வராத ராத்திரியில அந்த ரோட்டை ஓட்டிப் பாக்குறேன்.
டம்டம்பாறை தாண்டினதும்
ரோடு அழிஞ்சு போகுது.
வளைவுகளைக் கொஞ்சம் எழுதி அனுப்புங்க.'

இந்த மலையிலேயே பிறந்தவள்தான்.
ஆனால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து
கண்ணை மூடிக்கொண்டே இறங்குவேன், ஏறுவேன்.
அந்த ஞாயிற்றுக்கிழமை
பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஜன்னலோரம்,
மடியில் நாற்பது பக்க நோட்டு.
இரண்டு முறை வாந்தி.
கண்டக்டர் திட்டினார்.
நோட்டில் மட்டும் படவில்லை.

கடிதத்துக்கு ஒரு வளைவு.
இடப்பக்கம் பாறை, அதில் சுண்ணாம்பில்
பாதி அழிந்த கட்சிப் பெயர்.
வலப்பக்கம் இடிந்த தடுப்புச் சுவர்,
அதன்மேல் குட்டியைக் கட்டிக்கொண்ட குரங்கு.
ஹாரன் அடிக்க வேண்டிய இடம்.
அவர் திருத்தி எழுதுவார்:
'அங்க ஒரு சின்னப் பாலம் வரணுமே,
தூங்கிட்டீங்களா அக்கா?'
தூங்கித்தான் இருந்தேன்.
மறு ஞாயிறு மறுபடி பஸ் ஏறினேன்.
பாலம் இருந்தது.

அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த வார்டர் ஒரே ஒருவராம்.
அவர் படித்து முத்திரை குத்தினால்தான்
கடிதம் உள்ளே போகும், வெளியே வரும்.
பதினோராம் கடிதத்தின் ஓரத்தில்
வேறு கையெழுத்து, பென்சிலில்,
அழித்துவிடலாம் என்கிற மெல்லிசில்:
'அடுத்த வளைவு தாமதமாகிறது.'

அன்றைக்கு மண்டியில்
எடை இரண்டு முறை தப்பியது.
கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதைத் தவிர
என்னிடம் யாரும் எழுத்துக் கேட்டதில்லை.
நாற்பத்தாறு வயதில் இரண்டு பேர் கேட்கிறார்கள்,
கம்பிக்கு அந்தப்பக்கம் ஒருவர்,
இந்தப்பக்கம் ஒருவர்.

பெருமாள்மலைக்கு இன்னும் நிறைய ஏற வேண்டும்.
வெள்ளி அருவிக்காக ஒரு முழுப் பக்கம்
ஒதுக்கி வைத்திருந்தேன்.
சாரல் பிடித்த வாரத்தில் வந்தது:
'மேல்முறையீடு தள்ளுபடி.
ரேடியேட்டர் கொதிக்குது.
ஊத்துல நிறுத்துங்க.'
அவ்வளவுதான். அக்கா என்றுகூட இல்லை.

வாக்குக் கொடுக்காதே.
சரி.
நிறுத்தினேன்.

அப்புறம் வளைவே எழுதவில்லை.
ஊத்தில் இறங்கி நின்று பார்த்ததை எழுதினேன்.
டீ பதினைந்து ரூபாய், சர்க்கரை தூக்கல்.
மிளகு மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று
பண்ணைக்காட்டுக்குத் திரும்பியது.
மஞ்சள் துண்டு போட்ட கிளீனர் பையன்
யாருடைய வண்டி இது என்று கேட்டான்.
சிங்கம்புணரிக்காரருடையது, தூங்குகிறார்,
எழுப்பாதே என்றேன்.
பாட்டில் பாட்டிலாய்த் தண்ணீர் பிடித்து
முன்னால் வைத்திருக்கிறேன், சூடு தணியட்டும்.

நாலாவது மாதம். பதில் இல்லை.
வார்டரின் பென்சிலும் இல்லை.
வெள்ளிக்கிழமைதோறும் தபாலாபீஸ் தராசில் வைக்கிறேன்.
இந்த வாரம் எழுதியது இது:
சரிவான இடம், தம்பி.
பின்சக்கரத்துக்கு அடியில்
ஒரு கல் வைத்திருக்கிறேன்.
பத்தொன்பது கிராம்.